யாருடைய தராசு?

சென்ற இதழில் நண்பர் எழுதிய கட்டுரையைச் சாத்தூரில் நாங்கள் நாலு பேர் படித்தோம். நாலில் மூன்று பேருக்கு அது பிடித்துவிட்டது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. யாருக்கும் பிடிக்காத கட்டுரைக்கு மறுப்பு எழுதுவது காகிதச் சேதம். இந்தப் பத்திரிகைக்குக் காகிதம் எப்படி வந்து சேர்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

நண்பரின் வாதம் எளியது. எளிமைதான் அதன் கவர்ச்சி. கனடாவின் பூர்வகுடிகளான கிரீ மக்களை ஒரு தட்டிலும் நேபாளிகளை மறு தட்டிலும் வைக்கிறார். கிரீகளுக்கு அரசாங்கம் கோடிக்கணக்கில் கொடுத்தது. அவர்கள் வாங்கி உட்கார்ந்துகொண்டார்கள். நேபாளிக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவன் மலையிலிருந்து இறங்கி உலகம் பூராவும் போய் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பினான். ஆகவே கொடுக்கப்பட்ட சமூகம் தேங்கும், மறுக்கப்பட்ட சமூகம் எழும் என்கிறார். அப்புறம் அந்தத் தராசை ரயிலேற்றிச் சாத்தூர் ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்குகிறார். இங்கே நேபாளியின் தட்டில் நாடார்கள். கிரீயின் தட்டில் யார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரியும் என்ற நம்பிக்கையில் விட்டிருக்கிறார். புரிந்தது. சாட்சிக்குக் கரிசல் நாவல்கள் இரண்டையும் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்.

ஒப்பிடுவதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒப்பிடாமல் விமர்சனம் இல்லை. ஆனால் எதை எதோடு, எந்த ஆண்டில், எந்த இடத்தில் வைத்து ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி விமர்சகனுக்கு முதல் கேள்வியாக இருக்க வேண்டும். வெண்பாவையும் நாவலையும் பக்க எண்ணிக்கையால் ஒப்பிடுகிறவனைப் பார்த்து நாம் சிரிப்போம். இரண்டு ஜனக்கூட்டங்களை அப்படி ஒப்பிடுகிறவனைப் பார்த்து ஏன் தலையாட்டுகிறோம்?

கிரீயிலிருந்தே ஆரம்பிப்போம். 1971இல் கியூபெக் மாகாண அரசு ஜேம்ஸ் விரிகுடாவில் சேரும் ஆறுகளை மறித்து மின்சாரம் எடுக்கப் போவதாக அறிவித்தது. அந்த ஆறுகளின் கரையில் வேட்டையாடி வாழ்ந்த கிரீகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1973 நவம்பரில் தடையுத்தரவு கிடைத்தது. ஒரு வாரத்தில் மேல் கோர்ட் அதை நீக்கிவிட்டது. ஆனாலும் வழக்கு அரசை மேஜைக்கு இழுத்தது. 1975 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. கிரீகளுக்கும் அவர்களுக்கு வடக்கேயுள்ள இனுயிட்டுகளுக்கும் சேர்த்து 22.5 கோடி டாலர். நண்பர் 'கொடுத்தார்கள்' என்று எழுதுவது இதைத்தான். ஆற்றை எடுத்துக்கொண்டதற்கு வந்த விலை அது. நிலத்தை விற்றவன் கையில் இருக்கும் பணத்தைப் பிச்சை என்று யாரும் சொல்வதில்லையே.

வாங்கி உட்கார்ந்தார்களா? 1982இல் சொந்தமாக விமானப் போக்குவரத்து நிறுவனம் தொடங்கினார்கள். காட்டில் வேட்டையில் கழிக்கும் நாளுக்கு இவ்வளவு என்று வேட்டைக்காரனுக்கு வருமானம் கிடைக்கிற ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். அடுத்த பெரிய அணைத் திட்டத்தை எதிர்த்து நின்று, 1994இல் அதைக் கைவிட வைத்தார்கள். 2002இல் 50 வருஷத்துக்கு 350 கோடி டாலர் என்று புது ஒப்பந்தம் போட்டார்கள்.

இனி விரிகுடாவின் மேற்குக் கரைக்கு வாருங்கள். அங்கேயும் கிரீகள்தான். அதே இனம், அதே காடு, அதே குளிர். ஆனால் அவர்கள் ஒன்டாரியோ பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்த்தது 1905இல் தொடங்கிய ஒன்பதாம் ஒப்பந்தம். ஆண்டுக்குத் தலைக்கு 4 டாலர். அந்தக் கரையிலுள்ள அட்டவாபிஸ்கட் என்ற கிராமம் 2011இல், குடியிருக்க வீடில்லாமல் ஜனங்கள் கூடாரத்திலும் கொட்டகையிலும் கிடக்கிறார்கள் என்று நெருக்கடி நிலை அறிவித்தது. அங்கிருந்து 90 கிலோமீட்டரில் 2008 முதல் 2019 வரை வைரச் சுரங்கம் ஒன்று நடந்தது. ஒரே சமூகத்தின் குணம் கிழக்குக் கரையில் ஒன்றாகவும் மேற்குக் கரையில் வேறாகவும் எப்படி இருக்க முடியும்? குணம் மாறவில்லை, கையெழுத்தான காகிதம் மாறியிருக்கிறது.

நேபாளி? நமக்கு நேபாளி என்றால் ராத்திரியில் விசில் ஊதிக்கொண்டு வந்து மாதப்பிறப்பில் வாசலில் நிற்கும் கூர்க்கா. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. 1815இலிருந்து பிரிட்டிஷ்காரன் நேபாள மலைகளில் ஆள் எடுத்தான். குருங், மகர், ராய், லிம்பு என்று ஜாதி பார்த்து எடுத்தான். எடுக்கப்பட்டவன் வீட்டுக்குச் சம்பளமும் பென்ஷனும் போயின. எடுக்கப்படாதவன் வீட்டுக்குப் போகவில்லை. தெற்கே தராய்ச் சமவெளியில் தாரு மக்கள் கமையா என்ற கொத்தடிமை முறையில் பரம்பரை பரம்பரையாகக் கடனுக்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள். அது சட்டப்படி ஒழிந்தது 2000த்தில். இவர்களும் நேபாளிகள்தான். இன்றைக்கு நேபாளத்தின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால்பங்குக்குச் சமமான பணம் வெளிநாட்டில் வேலை செய்பவர்களிடமிருந்து வருகிறது. நண்பர் இதை எழுச்சி என்கிறார். அதே விமானங்களில் வளைகுடாவிலிருந்து காத்மாண்டுக்குச் சவப்பெட்டிகளும் வந்து இறங்குகின்றன. வீட்டில் பிழைக்க வழியில்லாமல் இளவட்டங்கள் ஒழிந்துபோன கிராமத்தை எழுச்சி என்று எழுத, கொஞ்சம் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆக, கிரீ என்று ஒரு சமூகமோ நேபாளி என்று ஒரு சமூகமோ நண்பரின் தராசில் ஏறவே இல்லை. இரண்டு பெயர்கள் ஏறியிருக்கின்றன.

இனி நம்மூர். நாடார்களின் ஏற்றத்தை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. நண்பரைவிட அதை மதிக்கிறேன் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அவர் அதை ஒரு பழமொழியாகச் சுருக்கிவிட்டார். அது ஒரு சரித்திரம்.

1801இல் பாளையங்கள் ஒழிந்த பின்பு சாலைகளில் சரக்குப் போக வழி பிறந்தது. தெற்கே பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் வடக்கே வந்தவர்கள் விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் என்ற ஊர்களில் பேட்டை அமைத்தார்கள். வண்டியும் சரக்கும் மாடும் ராத்திரி பத்திரமாகத் தங்க மதிலுள்ள இடம், அதுதான் பேட்டை. பேட்டையில் வந்து போகும் சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தார்கள். அந்தப் பொதுப்பணத்தில் கோயில், கிணறு, கோர்ட் செலவு, பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தன. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை 1889இல் எழுந்தது. 1860களின் தொடக்கத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு இல்லாமல் போக, கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. 1870களின் மத்தியில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் இந்த ஊர்கள் வழியே போயிற்று. 1910இல் மகாஜன சங்கம். 1921இல் தூத்துக்குடியில் நாடார் பாங்க். இப்போது அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்க். 1922இல் சிவகாசியிலிருந்து இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். மிச்சம் ஊரறிந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மகமை. நண்பருக்கும் அது முக்கியம்தான். 'ஒற்றுமை உணர்வு' என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். நான் பாங்க்கில் குமாஸ்தா. உணர்வுகளுக்குக் கணக்குத் தலைப்புக் கிடையாது என்பது என் தொழிலின் பாடம். மகமை என்பது கைமாறும் சரக்கின் மேல் விழும் வரி. சரக்குக் கைமாற வேண்டும், அப்போதுதான் மகமை விழும். எவன் கை வழியாகச் சரக்குப் போகிறதோ அவன்தான் மூட்டைக்கு ஓரணா எடுத்து வைக்க முடியும். அருந்ததியருடைய கை வழியாக என்ன போயிற்று? செத்த மாட்டுத் தோல். அதற்குக் கூலி களத்தில் அளந்து போடும் தானியம். தேவேந்திரகுல வேளாளரின் கை வழியாக நெல்லும் பருத்தியும் போயின. ஆனால் அவை பெரும்பாலும் வேறொருவனுடைய நெல், வேறொருவனுடைய பருத்தி. தானியக் கூலியில் மகமை எடுத்தால் அன்றைய கஞ்சியில் எடுக்க வேண்டும். ஒற்றுமை இல்லாததால் அவர்கள் பாங்க் கட்டவில்லை என்பது, வயல் இல்லாததால் பயிரிடாதவனைச் சோம்பேறி என்பதற்குச் சமம்.

பாங்க்கில் எந்தக் கடன் விண்ணப்பமும் ஒரு கேள்வியில் வந்து முட்டும்: ஜாமீன் யார்? உறவின்முறை என்பது அந்தக் கேள்விக்கு ஒரு சமூகம் தனக்குத்தானே தயார் செய்துகொண்ட பதில். அபாரமான பதில். ஆனால் ஜாமீன் நிற்பதற்கும் ஒருவனிடம் கொஞ்சம் சொத்து இருக்க வேண்டும். ஒன்றுமில்லாத நூறு பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றாலும் தொகை சைபர்தான்.

நண்பர் கவனிக்காத இன்னொன்று. ஜேம்ஸ் விரிகுடாவுக்கு இரண்டு கரை இருப்பதைப் போல நாடார் சரித்திரத்துக்கும் இரண்டு கரை உண்டு. வடக்கே பேட்டைகள் பணம் சேர்த்த அதே நூறு வருஷத்தில், தெற்கே தேரிக்காட்டில் அதே சாதிக்காரர் அதிகாலையில் பனையேறிக்கொண்டிருந்தார்; முன்பணம் வாங்கி, கருப்பட்டி கொடுத்துக் கடன் தீர்த்து, மறுபடி முன்பணம் வாங்கிக்கொண்டிருந்தார். உழைப்பு என்று பார்த்தால் நாளுக்கு இரண்டு தடவை பனையேறியவனுக்கு மேல் இந்தச் சீமையில் யாரும் உழைத்துவிடவில்லை. உழைப்பே ஏற்றும் என்றால் அவன்தான் முதலில் ஏறியிருக்க வேண்டும். அவன் மரத்தில் மட்டும் ஏறினான்.

சாத்தூரிலேயே இன்னோர் உதாரணம். ஒரு காலத்தில் இந்த ஊர் பேனா நிப்புக்குப் பேர்போனது. நம்மில் மூத்தவர்களின் கையெழுத்துப் பிரதிகளில் சிலவாவது சாத்தூர் நிப்பில் எழுதப்பட்டிருக்கும். பால்பாயிண்ட் வந்தது; நிப் போயிற்று. அந்தத் தொழிலாளிகளுக்கு உழைக்கும் குணம் திடீரென்று குறைந்துவிட்டது என்று யாரும் எழுதவில்லை. பம்புசெட் வந்து கமலை போனபோது கமலைக்குத் தோல் தைத்தவனுடைய வேலையும் போயிற்று. அவன் விஷயத்தில் மட்டும் குணம் பற்றிய ஆராய்ச்சி ஆரம்பமாகிறது.

மூன்றாவதாக ஒன்று. ஏறுவதை மட்டும் ஒப்பிட்டால் போதாது, ஏறியவனுக்கு என்ன நடக்கிறது என்பதையும் ஒப்பிட வேண்டும். 1899 ஜூனில் சிவகாசியில் நடந்தது நமக்குத் தெரியும். கோயிலுக்குள் போகும் உரிமை கேட்ட நாடார்கள் மேல் சுற்றுவட்டாரத்திலிருந்து திரண்டு வந்த கூட்டம் பாய்ந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. அந்த ஊரார் எதிர்த்து நின்றார்கள், மறுபடி கட்டினார்கள். அது வீரம், சந்தேகமில்லை. கூடவே இதையும் பார்க்க வேண்டும்: வெள்ளைக்கார சர்க்கார் கலகக்காரர்களை நூற்றுக்கணக்கில் பிடித்தது, சிலரைத் தூக்கில் போட்டது. கோயில் வழக்கில் நாடார்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. கமுதி வழக்கில் 1908இல் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார்கள். ஆனாலும் கொள்ளைக்கு எதிராக போலீஸ் அவர்கள் பக்கம் நின்றது.

இனி 1995 ஆகஸ்ட் 31. கொடியன்குளம். சாத்தூரிலிருந்து தெற்கே போகும் எவருக்கும் தூரமில்லாத ஊர். தேவேந்திரகுல வேளாளர் ஊர். வளைகுடாவுக்குப் போய் உழைத்து, நண்பரின் நேபாளியைப் போலவே வீட்டுக்குப் பணம் அனுப்பி, ஓட்டு வீடும் டெலிவிஷனும் தையல் மிஷினும் வாங்கிய ஊர். பட்டப்பகலில் நுழைந்தது கூட்டமல்ல, போலீஸ். சாமான்களை உடைத்தார்கள். பாஸ்போர்ட்டுகளும் படிப்புச் சான்றிதழ்களும் கொளுத்தப்பட்டன. குடிநீர்க் கிணறு கெடுக்கப்பட்டது. பாஸ்போர்ட்டை ஏன் கொளுத்த வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் நண்பரின் கட்டுரை முழுவதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. கொளுத்தியவனுக்கு அந்த ஊரின் பொருளாதாரம் நண்பரைவிட நன்றாகப் புரிந்திருந்தது. பணம் வரும் வழி எது என்று பார்த்து, அதை எரித்தான்.

காத்திருந்த சமூகம் என்கிறாரே நண்பர், இதுதான் அந்தக் காத்திருப்பு.

கடைசியாக, இன்றைய நிலை. 'நாடார் பொருளாதாரம்', 'தலித் பொருளாதாரம்' என்று இரண்டு பத்தி போட்டு எழுதும் வழக்கம், பட்டாசு ஆலையின் வாசலிலேயே உடைந்துபோகிறது. உள்ளே சரம் பின்னுகிறவர்களில், மருந்து செலுத்துகிறவர்களில் எல்லாச் சாதியும் உண்டு, நாடார்களும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை உள்குத்தகைக்குப் பலர் எடுத்திருப்பார்கள். ஓர் அறையில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் கூடுதல் ஆள் உட்காருவார்கள். சம்பளம் உருப்படிக் கணக்கு. ஆகவே வேகம், வேகத்தினால் உராய்வு, உராய்ந்தால் நெருப்பு. வெடித்த அறைக்குள் சாதிவாரிக் கணக்கு எடுத்து எந்தச் சமூகம் முன்னேறியது என்று நண்பர் சொல்லுவாரா? 'நாடார்கள் ஏறினார்கள்' என்ற வாக்கியம், அச்சங்குளத்து அறைக்குள் இருந்த நாடார்ப் பெண்ணையும் முதலாளியின் வரவில் எழுதிக்கொண்டுவிடுகிறது. அவளுக்கு இதைவிடப் பெரிய மோசடி யாரும் செய்ய முடியாது.

தீபாவளிக்கு முன்னால் நகையை மீட்கவும், ஆலை மூடியிருக்கும் நாட்களில் அதே நகையை மறுபடி வைக்கவும் வருகிற பெண்களை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன். தாலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றோடு போகிறவளுக்குச் சீட்டில் எழுத நான் சாதி கேட்பதில்லை, எடை பார்க்கிறேன். என் தராசும் ஒரு தராசுதான். அது பவுனை நிறுக்கும். எந்தக் கழுத்திலிருந்து எதற்காக இறங்கியது என்பதை நிறுக்காது. நிறுத்துவிட்டதாகப் பாவனையும் பண்ணாது. நண்பரின் தராசுக்கு அந்த அடக்கம்கூட இல்லை.

இப்போது நாவல்களுக்கு வருகிறேன். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976. பூமணியின் 'பிறகு' 1979. மூன்று வருஷ இடைவெளியில், ஒரே கரிசல் மண்ணிலிருந்து வந்த இரண்டு நாவல்கள். முதலாவதில் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த கம்மவார்கள் காட்டை அழித்து நிலமாக்குகிறார்கள். இரண்டாவதில் அழகிரி என்ற சக்கிலியர் ஓர் ஊருக்குத் தோல் வேலைக்கு வந்து சேருகிறார். நண்பர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று 'ஆக்கும் சமூகம்' என்றும் மற்றது 'அண்டி வாழும் சமூகம்' என்றும் ஒட்டுப் போட்டுவிட்டார். நாவலைப் படித்தவன் எழுதக்கூடிய வாக்கியமா இது? முதல் நாவலில் வந்தவர்கள் கை வைத்த இடம் அவர்களுக்கு நிலமாயிற்று. இரண்டாம் நாவலில் வந்தவனுக்கு, வருவதற்கு முன்பே எல்லா நிலத்துக்கும் சொந்தக்காரன் இருக்கிறான். அவன் கால் வைக்கக்கூடாத தெருவும் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பூமணி ஒரு வரிகூடப் பிரசங்கம் பண்ணாமல், பேச்சிலும் வேலையிலும் வைத்துக் கட்டியிருக்கிறார். அந்தக் கட்டுமானம்தான் நாவல். அதைப் பிரித்து எடுத்துவிட்டுப் பாத்திரங்களின் சாதியை மட்டும் அட்டவணையில் ஏற்றினால் மிஞ்சுவது சென்சஸ். சென்சஸுக்கு நாவல் வேண்டாம். தாலுகா ஆபீஸ் போதும்.

கலை சமூகத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்ற பழைய சண்டையை நான் திறக்கவில்லை. சிறுபத்திரிகைக்காரர்களான நாம் உருவம் உருவம் என்று சொல்லிச் சொல்லி ஒரு கவிதையில் ஒரு சொல் இடம் மாறினால் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கூர்மை சம்பாதித்திருக்கிறோம். ஜனங்களைப் பற்றி எழுதும்போது மட்டும் அந்தக் கூர்மையை வாசலில் செருப்போடு கழற்றிவிடுகிறோம். 'சமூகம்' என்ற ஒரு சொல் அதே கட்டுரையில் ஒரு வாக்கியத்தில் ஆலை முதலாளியையும், அடுத்த வாக்கியத்தில் ஆலைத் தொழிலாளியையும், மூன்றாவதில் இருநூறு வருஷத்துக்கு முந்திய வண்டிக்காரனையும் குறிக்கிறது. ஒரு கவிஞன் ஒரு படிமத்தை இப்படி மூன்று அர்த்தத்தில் குழப்பினால் நண்பர் முதல் ஆளாகக் கத்தியை எடுப்பார்.

ஒப்பிட வேண்டுமா, ஒப்பிடுங்கள். கையில் எது கைமாறியது, எது கூலியாக மட்டும் வந்தது? நிலம் எந்த ஆண்டில் யார் பெயரில் எழுதப்பட்டது? கொஞ்சம் சேர்த்தபோது போலீஸ் யார் வாசலில் நின்றது, எந்தப் பக்கம் பார்த்து நின்றது? இந்த மூன்றையும் இரண்டு தட்டிலும் போட்ட பிறகு மிச்சமாகக் குணம் என்று ஏதாவது இருந்தால், அதைப் பற்றி நண்பர் இன்னொரு கட்டுரை எழுதட்டும். இந்தப் பத்திரிகை போடும்; நாங்கள் நாலு பேரும் படிப்போம். அதுவரை கிரீகளையும் நேபாளிகளையும் அவரவர் ஊரில் விட்டுவிட்டு, அவர் சாத்தூரில் ஒரு நாள் விடியுமுன் பஸ் ஸ்டாண்டில் இறங்கட்டும். ஆலைக்கு ஆள் ஏற்றிப் போக வேன்கள் நிற்கும். எந்த வேன் எந்தச் சமூகத்துக்கு என்று அவரே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.